நார்மல் என்று வாசித்தவள்

அக்கா,

உங்கள் பெயரை நான் கேட்கவில்லை. நீங்களும் என் பெயரைக் கேட்கவில்லை. ஒன்றே கால் மணி நேரம் ஒரே சீட்டில் தோள் உரச வந்தோம். கேட்டிருக்கலாம்.

இது உங்களுக்குத்தானா என்று தெரிந்துகொள்ள அடையாளம் சொல்கிறேன். மார்ச் மாதம் இரண்டாவது செவ்வாய்க்கிழமை. திருநெல்வேலியிலிருந்து சங்கரன்கோவில் போகிற பஸ். டிரைவருக்குப் பின்னால் மூன்றாவது சீட், மூன்று பேர் உட்காருகிற பக்கம். ஜன்னலோரம் நீங்கள். பச்சைச் சேலை, அரக்குக் கரை. வலது புறங்கையில் எண்ணெய் தெறித்த வடு, பெரியதும் சின்னதுமாக மூன்று. மடியில் ஆஸ்பத்திரி ஃபைல், அது காற்றில் பறக்காமல் இருக்க அதன் மேல் ஒரு சீப்பு வாழைப்பழம். பக்கத்தில் நான், மடியில் எட்டு மாதக் குழந்தை. அவள் உங்கள் பழத்தைப் பிடித்து இழுத்ததில்தான் பேச்சு ஆரம்பித்தது.

அது நீங்கள்தான் என்றால் மற்றதெல்லாம் பிறகு. முதலில் இது.

நான் அன்றைக்குச் சொன்னது தப்பு. டப்பாவில் வருகிற அந்த மாத்திரையை நிறுத்தக் கூடாது. என் பேச்சைக் கேட்டு நிறுத்தியிருந்தால் நாளைக் காலையிலேயே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய், நிறுத்திவிட்டேன் என்று சொல்லுங்கள். நீங்களாகத் திரும்ப ஆரம்பிக்கவும் வேண்டாம். போய்ச் சொல்லுங்கள். பஸ்ஸில் ஒருத்தி பெரிய இவள் மாதிரி சொன்னாள் என்று என்னைத் திட்டியே சொல்லுங்கள்.

நீங்கள் அந்த அக்கா இல்லை என்றாலும் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். இது ஏன் உங்கள் கைக்கு வந்தது என்று கடைசியில் தெரியும்.

எனக்குக் கடிதம் எழுதச் சொல்லிக்கொடுத்தது பாளையங்கோட்டை கான்வென்ட்டில் சிஸ்டர் பெலிசிட்டா. விஷயத்தை முதலில் சொல், அழுகையைக் கடைசிப் பாராவுக்கு வை என்பார். விஷயத்தைச் சொல்லிவிட்டேன். அழுகை வரும் என்று தோன்றவில்லை. பயமாகத்தான் இருக்கிறது.

என் பெயர் உமாசங்கரி. வயது இருபத்தாறு. வாக்கப்பட்டது சங்கரன்கோவில். வீட்டுக்காரர் சிவகடாட்சம், பவர்லூம் தறிகளுக்கு ரிப்பேர் பார்க்கிறவர். வீட்டில் அத்தை உலகம்மாள். ஒரு தெரு தள்ளி வீட்டுக்காரருடைய அக்கா கனகா மதினி இருக்கிறாள். மதினிக்கு மெடிக்கல் ஷாப்பில் வேலை, பதினோரு வருஷ அனுபவம். மாத்திரையின் நிறத்தைப் பார்த்தே வியாதியைச் சொல்லிவிடுவாள். அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு இது இருப்பது தெரிந்தது, பாப்பா வயிற்றில் ஐந்து மாதமாக இருக்கும்போது. அப்போது அம்மா வீட்டில் இருந்தேன். எல்லாருக்கும் எடுக்கிற ரத்த டெஸ்ட்தான். ஹெபடைடிஸ் பி. ஈரலில் ஒரு வைரஸ் குடியிருக்கிறது, பல வருஷமாக இருந்திருக்கும் என்றார்கள். எனக்கு ஒரு நாள்கூடக் காமாலை வந்ததில்லை, அக்கா. கண் வெள்ளைவெளேரென்றுதான் இருக்கும். எப்படி வந்தது என்று பெரிய ஆஸ்பத்திரி டாக்டரம்மாவிடம் கேட்டேன். பிறக்கும்போதே அம்மாவிடமிருந்து வந்திருக்கலாம், அம்மாவும் ஒரு டெஸ்ட் எடுத்துக்கொள்ளட்டும் என்றார். அன்றைக்குப் பக்கத்தில் நின்ற என் அம்மா அதற்குப் பிறகு இந்த வியாதியைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. மருமகனுக்குத் தெரிய வேண்டாம் என்று சொன்னதுதான் கடைசி.

இரண்டு மருந்து கொடுத்தார்கள். உங்களுக்குத் தெரியும், உங்களிடமும் அதே இரண்டுதான் இருந்தது. ஒன்று வெள்ளை பிளாஸ்டிக் டப்பா, உள்ளே முப்பது மாத்திரை. அது வைரஸுக்கு. இன்னொன்று அட்டை. எனக்கு உடம்பெல்லாம் அரிப்பு இருந்தது, ஈரல் என்சைம் எண்களும் ஏறியிருந்தன. அதனால் பித்தநீர் ஒழுங்காக ஓட அந்த அட்டை மாத்திரை. பாப்பா பிறந்த அன்றைக்கே அவளுக்கு இரண்டு தொடையிலும் இரண்டு ஊசி போட்டார்கள். தாய்ப்பால் கொடுக்கலாம், பயம் இல்லை என்று டாக்டரம்மா சொன்னார். நான் கொடுக்கவில்லை. பால் ஊறவில்லை என்று எல்லாரிடமும் சொன்னேன். ஊறிக்கொண்டுதான் இருந்தது.

நாலாவது மாதம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு சங்கரன்கோவில் வந்தேன். வந்த அன்றே அத்தை அட்டையைப் பார்த்துவிட்டாள். என்ன மாத்திரை என்றாள். பித்தத்துக்கு என்றேன். பொய்யென்று சொல்ல முடியாது, பாருங்கள். சிஸ்டர் பெலிசிட்டாவே வந்து கேட்டாலும் அதைப் பொய் என்று சொல்லியிருக்க மாட்டார். பித்தநீர் மருந்துதானே.

அத்தைக்கு முகம் மலர்ந்துவிட்டது. "பித்தம்லா அது. நம்ம வீட்டுப் பொம்பளைக எல்லாத்துக்கும் உள்ளதுதான். எங்க ஆத்தாளுக்கு, எனக்கு, கனகாவுக்கு. நீயும் இப்பதான் எங்க வீட்டுப் பிள்ளை ஆயிருக்க."

மறுநாளிலிருந்து வைத்தியம். இஞ்சியைத் தோல் சீவித் தேனில் ஊறப்போட்டாள். காலையில் எழுந்ததும் அதில் ஒரு துண்டு, மத்தியானம் நார்த்தங்காய், சாயங்காலம் சுக்குத் தண்ணீர். ஒரு நாள் முற்றத்தில் உட்கார்ந்து பாப்பாவுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தவள், காலை நீட்டு என்றாள். நீட்டினேன். குதிகாலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கட்டைவிரலால் தடவினாள்.

"பித்தம்னா வெடிப்பு இருக்கணுமே. பட்டு மாதிரில்லா இருக்கு."

 கான்வென்ட்டில் எப்போதும் ஷூதான் அத்தை, என்றேன். அத்தை என் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள். "அதுவும் சரிதான். இங்கிலீசு பித்தம் போலுக்கு" என்று பாப்பாவைத் திருப்பிப் போட்டாள். அன்றிலிருந்து இரண்டு வாரம் வெறுங்காலோடு மொட்டைமாடியில் நடந்தேன், வெடிப்பு வரட்டும் என்று.

டப்பாவைத்தான் மறைக்க முடியவில்லை. அட்டையை இடுப்பில் சொருகிக்கொள்ளலாம். டப்பா நடந்தால் பேசும். கலகலவென்று முப்பது மாத்திரையும் சேர்ந்து. பஞ்சு அடைத்துப் பார்த்தேன். மாதம் பாதி ஆனதும் பஞ்சு தொளதொளத்துப் போய் மறுபடியும் சத்தம். அதைவிட அதன் மேல் இருந்த பெயர், அக்கா. போனில் அந்த மருந்துப் பெயரைத் தட்டினேன், முதல் வரியிலேயே எய்ட்ஸ் என்று வந்தது. இரண்டு வியாதிக்கும் அதே மருந்து கொடுப்பார்களாம். எனக்கு இருப்பது அது இல்லை, இது வேறு. ஆனால் டப்பாவை மதினி ஒரு தடவை பார்த்தால் போதும், அதற்குமேல் நான் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கவா முடியும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை துணி துவைத்துவிட்டு வருகிறேன். கூடத்தில் அத்தை பாப்பாவை மடியில் வைத்து டப்பாவை ஆட்டிக்கொண்டிருக்கிறாள். என் பையில் பாப்பாவின் துணி தேடியிருக்கிறாள், கையில் அகப்பட்டிருக்கிறது. கிலுகிலுப்பை மாதிரி ஆட்ட ஆட்டப் பாப்பா சிரிக்கிறாள். அத்தை அதைப் பாப்பா கையிலேயே கொடுத்துவிட்டாள். வாசலில் கனகா மதினியின் செருப்புச் சத்தம். ஞாயிற்றுக்கிழமையானால் மதினி எங்கள் வீட்டில்தான் சாப்பாடு.

நான் பாப்பாவிடமிருந்து பிடுங்கினேன். அவள் வீறிட்டு அழுதாள். பால் பவுடர் ஸ்பூன் இதில்தான் கிடக்கிறது என்று ஏதோ உளறிக்கொண்டு பின்பக்கம் ஓடி, சாக்கடையில் அத்தனையையும் கவிழ்த்தேன். டப்பாவை மிதித்து நசுக்கிக் குப்பையில் போட்டேன். திரும்பி வந்தபோது மதினி கை கழுவிக்கொண்டிருந்தாள். பிள்ளை ஏன் அழுகிறது என்று கேட்டாள். அத்தை, அவள் விளையாட்டுச் சாமானை இவள் பிடுங்கிவிட்டாள் என்றாள். அத்தோடு முடிந்தது. அடுத்த டப்பா வாங்கவில்லை.

பயந்துகொண்டேதான் இருந்தேன். இரண்டு மாதம் கழித்துத் தென்காசியில் ஒரு லேபில் ஈரல் டெஸ்ட் கொடுத்தேன். ரிப்போர்ட் வாங்கி பஸ் ஸ்டாண்டில் நின்றே படித்தேன். எனக்கு இங்கிலீஷ் பயமில்லை அக்கா, பத்து வருஷம் தமிழ் பேசினால் ஃபைன் போடுகிற பள்ளிக்கூடம். ஒரு பக்கம் என் எண், அடுத்த பக்கம் இருக்கவேண்டிய அளவு. என் எண் அந்த அளவுக்குள் இருந்தது. ஒன்று இல்லை, எல்லாமே உள்ளே இருந்தது. அட்டை மாத்திரை மட்டும் சாப்பிட்டு, டப்பா இல்லாமலே. வைரஸ் மாத்திரை எதற்கு, இது போதுமே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். டாக்டரம்மாவுக்கே தெரியாத ஒன்றைக் கண்டுபிடித்த மாதிரி இருந்தது.

அதற்காகக் கவனமில்லாமல் இருந்தேன் என்று நினைக்காதீர்கள். எனக்குத் தனித் தட்டு, தனி டம்ளர், தனித் துண்டு. பாப்பாவை உச்சந்தலையில் மட்டும்தான் முத்தம் கொடுப்பேன், அதுவும் வாயைத் துடைத்துவிட்டு. அவர் என் டம்ளரில் தண்ணீர் குடிக்க வந்தால் பிடுங்கிக் கழுவுவேன். அத்தை இதைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். "கான்வெண்டுல எச்சித் தீட்டும் சொல்லிக் குடுத்தாளுகளோ" என்று கேட்டு, வேண்டுமென்றே என் டம்ளரில் காப்பி ஊற்றிக் குடிப்பாள். எனக்கு எரிச்சலாக வரும். என்னைச் சீண்டுவதற்காகத்தான் செய்கிறாள்.

அட்டை தீர்ந்தால் சங்கரன்கோவிலில் வாங்க முடியாது, மதினி கண்ணில் படும். திருநெல்வேலிக்கு வர வேண்டும், அம்மாவைப் பார்க்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு. அப்படி வாங்கிக்கொண்டு திரும்புகிற நாளில்தான் நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்தீர்கள்.

பழத்தை உரித்துப் பாப்பாவுக்குத் துளித் துளியாகக் கொடுத்தீர்கள். பிறகு என் கையைத் தொட்டு, "நீ படிச்ச பிள்ளை மாதிரி இருக்க. இதுல என்ன போட்டிருக்குன்னு கொஞ்சம் வாசிச்சுச் சொல்லுதியாம்மா" என்று ஃபைலை நீட்டினீர்கள். டாக்டர் சொன்னது பாதி புரியவில்லை, கூட்டத்தில் மறுபடி கேட்கவும் கூச்சம் என்றீர்கள்.

திறந்தேன். முதல் பக்கத்திலேயே அந்தப் பெயர்.

ஒரு வருஷம் அக்கா. ஒரு வருஷமாக அந்தப் பெயரை நான் யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை. தாலி கட்டியவரிடம் சொன்னதில்லை. உங்கள் ஃபைலைக் கையில் வைத்துக்கொண்டு, எனக்கும் இதேதான் அக்கா என்று சொன்னேன். எனக்கே என் குரல் கேட்டுத் திடுக்கென்றது. நீங்கள் என்ன செய்தீர்கள் என்று ஞாபகம் இருக்கிறதா? பாப்பாவை என் மடியிலிருந்து எடுத்து உங்கள் மடியில் வைத்துக்கொண்டீர்கள். வைத்துக்கொண்டு, அவள் கன்னத்தில் முத்தம் கொடுத்தீர்கள்.

அதில்தான் எனக்குப் புத்தி கெட்டது. பேச ஆள் கிடைத்த சந்தோஷம். மடை திறந்த மாதிரி பேசினேன். டப்பா, மதினி, சாக்கடை எல்லாம் சொன்னேன். நீங்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தீர்கள். பிறகு உங்கள் கதையைச் சொன்னீர்கள். நீங்கள் செய்கிற வேலையைச் சொன்னீர்கள். இது வெளியே தெரிந்தால் மறுநாளே நிறுத்திவிடுவார்கள், கூட வேலை செய்கிறவள் என் பையைத் துழாவுகிறவள், டப்பாவை எங்கே வைப்பதென்று தெரியாமல் திண்டாடுகிறேன் என்றீர்கள். அந்த வேலை என்ன என்று இங்கே எழுத மாட்டேன். எந்த ஊரில் இறங்கினீர்கள் என்றும் எழுத மாட்டேன்.

நான் உங்கள் ரிப்போர்ட்டை வாசித்தேன். ஆள்காட்டி விரலை வைத்து, கிளாஸில் வாசிக்கிற மாதிரி, வரி வரியாக. இங்கே உங்கள் எண் அக்கா, இங்கே இருக்க வேண்டிய அளவு, பாருங்கள் உள்ளேதான் இருக்கிறது, நார்மல். இதுவும் நார்மல். இதுவும்.

"அப்போ அந்த டப்பா?" என்று கேட்டீர்கள்.

"எனக்கு நின்னு நாலு மாசமாச்சு அக்கா. எல்லாம் நார்மல். அட்டையை மட்டும் விடாம சாப்பிடுங்க" என்றேன்.

இந்த வாக்கியத்தைத்தான் இப்போது எங்கே போனாலும் கேட்கிறேன். அரிசி களைகிறபோது கேட்கிறது. நீங்கள் ஃபைலை வாங்கி மூடி, இரண்டு கையாலும் அதன் மேல் தட்டி, நல்லாரும்மா என்று சொல்லி இறங்கினீர்கள். அடுத்த ஊர் வரைக்கும் எனக்குப் பெருமையாக இருந்தது.

போன மாதம் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. குழந்தைக்கு ரத்தம் பார்க்கிற நேரம், தூக்கிக்கொண்டு வாருங்கள் என்று. போனேன். பாப்பா கையைப் பிடித்துக்கொண்டு, அவள் அழுது முடிக்கிற வரைக்கும் சுவரில் இருந்த தடுப்பூசி அட்டவணையை மூன்று தடவை படித்தேன். டாக்டரம்மா எனக்கும் எடுக்கச் சொன்னார். என்சைம் மட்டும் போதுமே என்றேன். வைரஸ் எத்தனை இருக்கிறது என்று எண்ண வேண்டும் என்றார்.

ஒரு வாரம் கழித்து ரிசல்ட். பாப்பாவுக்கு இல்லை. ஊசி வேலை செய்திருக்கிறது. நான் அந்த மேஜை மேல் தலையை வைத்துவிட்டேன். டாக்டரம்மா தண்ணீர் கொடுத்தார். நான் குடித்து முடிக்கிற வரைக்கும் காத்திருந்து, அப்புறம் என்னுடைய தாளைத் திருப்பி வைத்தார். வைரஸ் பிரசவத்தின்போது கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் குறைந்திருந்தது, இப்போது நாலு கோடிக்கு மேல்.

டப்பாவை நிறுத்தினீர்களா என்று கேட்டார். தலையாட்டினேன். ஆனால் டாக்டர் என்சைம் நார்மலாக இருந்ததே என்று தென்காசி ரிப்போர்ட்டை எடுத்து நீட்டினேன். விரலை வைத்து வாசித்துக்கூடக் காட்டினேன்.

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருக்கலாம்.

"உமா, அட்டை மாத்திரை இந்த நம்பரை இறக்கும். நிறைய பேருக்கு இறக்குது, அது உண்மை. ஆனா வைரஸை அது தொடாது. இதைச் சாப்பிட்டா ஈரல் கெடாம இருக்குமா, ஆயுசு கூடுமான்னு கேட்டா, கூடும்னு சொல்ல என்கிட்ட ஆதாரம் இல்லை. நீங்க நம்பரை மட்டும் பாத்துட்டீங்க."

எனக்கு உடனே புரிந்துவிட்டது. நான் கிளாஸ் லீடராக இருந்தவள். சிஸ்டர் வருகிற சத்தம் கேட்டால் நாற்பது பேரும் கப்பென்று அடங்கிவிடுவோம். சிஸ்டர் எட்டிப் பார்த்து, நல்ல கிளாஸ் என்று சொல்லிவிட்டுப் போவார். யாரும் ஒரு வரி படித்திருக்க மாட்டோம்.

திடீரென்று நிறுத்தினால் சிலருக்கு எதுவும் தெரியாது, சிலருக்கு ஒரே வாரத்தில் எகிறிவிடும், ஈரல் வேலை செய்யாமல் போனவர்களையே பார்த்திருக்கிறேன் என்றார். அன்றே டப்பாவைத் திரும்ப எழுதிக்கொடுத்தார். வீட்டுக்காரரை அழைத்து வாருங்கள், டெஸ்ட் எடுத்து, அவருக்கு இல்லையென்றால் ஊசி போட்டுவிடலாம், வீட்டில் இருக்கிற எல்லாருக்கும் அப்படித்தான் என்றார். டம்ளரெல்லாம் பிரிக்க வேண்டியதில்லை, சாப்பாட்டில் பரவாது என்றார். அவர் வேலையாக வெளியூர் போயிருக்கிறார் என்றேன். அவர் அந்த நேரத்தில் எங்கள் தெரு முக்கில் தறிக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்திருப்பார்.

எழுந்து கதவு வரைக்கும் வந்த பிறகுதான் நீங்கள் ஞாபகத்துக்கு வந்தீர்கள்.

திரும்பிப் போய் உட்கார்ந்து உங்களைப் பற்றிச் சொன்னேன். டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். எங்களிடம் வருகிறவர்களிடம் கேட்டுவிடலாம் உமா, நர்ஸிடம் சொல்லிவைக்கிறேன், ஆனால் நிறுத்தினவர்கள் வர மாட்டார்களே என்றார்.

மறுநாள் உங்கள் ஊரில் வந்து இறங்கினேன், அக்கா. பாப்பாவோடு. டீக்கடையில் அடையாளம் சொல்லிக் கேட்டேன். கடைக்காரர் உங்கள் பெயரைக் கேட்டார். என்ன விஷயமாகத் தேடுகிறீர்கள் என்று கேட்டார். பெஞ்சில் இருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். நீங்கள் வேலை செய்கிற இடம் அங்கேயிருந்து தெரிந்தது. வாசல் வரைக்கும் நடந்தேன். உள்ளே பெண்கள் பேசுகிற சத்தம் கேட்டது. உங்கள் குரலாகக்கூட இருக்கலாம். உள்ளே போய் உங்களைக் கூப்பிட்டால், யாரு இது, எந்த ஊர், எங்கே பழக்கம் என்று கூட இருக்கிறவள் கேட்பாள். ஆஸ்பத்திரி என்ற வார்த்தை வந்துவிடும். உங்களைக் காப்பாற்ற வந்து உங்கள் வேலையைப் பறித்துவிட்டுப் போவதா? திரும்பிவிட்டேன். உங்களுக்காகத்தான் திரும்பினேன். பஸ் ஏறுகிற வரைக்கும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஏறி உட்கார்ந்த பிறகு ஒன்று தோன்றியது. டப்பாவை விட்டிருந்தாலும் அட்டையை நீங்கள் விட்டிருக்க மாட்டீர்கள். விடாமல் சாப்பிடுங்கள் என்று நான்தான் சொல்லியிருக்கிறேன். சொன்னதைச் செய்கிறவர் நீங்கள், பார்த்தாலே தெரிந்தது. அப்படியானால் ஆஸ்பத்திரிக்கு உள்ளே வராவிட்டாலும் வாசல் மருந்துக்கடைக்கு வருவீர்கள்.

அங்கே மருந்து எடுத்துக் கொடுக்கிற ரேச்சல் அக்காவைத் தெரியுமல்லவா, மூக்கில் கண்ணாடி வழுக்கிக்கொண்டே இருக்கும். அவரிடம் போய் நின்றேன். டாக்டர் சீட்டில் இரண்டு மருந்தும் எழுதியிருக்க, இப்போது அட்டையை மட்டும் வாங்கிப் போகிறவர்கள் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டேன். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"மூணு பேரு. உன்னையும் சேத்தா நாலு."

பெயர் கேட்கக் கூடாது என்று உடனே சொல்லிவிட்டார். நான் கேட்கவில்லை. லெட்டர் எழுதிக் கொண்டுவந்தால் மூன்று பேருடைய மருந்துக் கவரிலும் போட்டுவிடுகிறேன், அவ்வளவுதான் என்னால் முடியும், வாசலில் நின்று பிரசங்கம் பண்ண முடியாது என்றார்.

அதனால்தான் மூன்று பிரதி. ஜெராக்ஸ் எடுக்க எங்கள் ஊரில் பயம், கடைக்காரர் படித்துவிடுவார். பாப்பா தூங்கின பிறகு உட்கார்ந்து மூன்றையும் கையால் எழுதியிருக்கிறேன். பாஷை மாறாமல், வரி மாறாமல். இம்போசிஷன் எழுதிப் பழகிய கை.

ஆக, நீங்கள் அந்தப் பச்சைச் சேலை அக்கா இல்லை என்றாலும், நீங்களும் டப்பாவை நிறுத்தினவர்தான். என்ன காரணமோ எனக்குத் தெரியாது. உங்களுக்கும் யாராவது ஒரு படித்தவள் நார்மல் என்று வாசித்துக் காட்டியிருக்கலாம். போய் வைரஸை எண்ணச் சொல்லுங்கள். வீட்டில் இருப்பவர்களிடம் சொல்லிவிடுங்கள். மறைக்கிறதில்தான் இவ்வளவும் வந்தது.

இந்த இடத்தில் முடித்துக் கையெழுத்துப் போட்டிருந்தேன். பிறகு மூன்றையும் ஒரு தடவை வாசித்தேன். வீட்டில் சொல்லிவிடுங்கள் என்கிற வரி வந்ததும் நிறுத்திவிட்டேன். மேலே போக முடியவில்லை.

நேரில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அக்கா. ஒரு பிரதியை மடித்து அவருடைய ஸ்பேனர் பையில் வைத்துவிட்டேன். காலையில் பையைத் தூக்கிக்கொண்டு போனார். மத்தியானம் சாப்பிட வரவில்லை. தறி மக்கர் பண்ணினால் சில நாள் அப்படித்தான், ஆனாலும் சொல்லி அனுப்புவார். அன்றைக்குச் சொல்லியும் அனுப்பவில்லை. நான் இரண்டு தடவை சோற்றைச் சூடு பண்ணினேன். அத்தை ஒன்றும் கேட்காமல் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டாள்.

சாயங்காலம் ஐந்தரைக்கு வந்தார். காலைக் கழுவவில்லை. காகிதத்தை என் முன்னால் நீட்டினார். ஓரத்தில் கிரீஸ் விரல் பதிந்திருந்தது. உங்களுக்குக் கறையுள்ள பிரதி வந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள், மறுபடி எழுதத் தெம்பில்லை.

"பஸ்ஸுல வந்த பொம்பளைட்ட மொத சொல்லிருக்க. எங்கிட்ட ரெண்டாவது" என்றார்.

  சமையல்கட்டுக்குள் போனார். என்னுடைய டம்ளரை எடுத்தாரா, வேறு டம்ளரா என்று இங்கிருந்து தெரியவில்லை. தண்ணீர் குடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. வெளியே வந்து, மேஜையில் இருந்த மற்ற இரண்டு பிரதியையும் எடுத்தார். கிழிக்கப் போகிறார் என்று நினைத்தேன். கடைசிப் பக்கத்தைத் திருப்பி ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"இவ்ளோ எழுதிருக்க, நம்பர் போடலையே. அந்தம்மா உன்னை எப்படிக் கூப்பிடும்?"

என் போனை எல்லாரும் எடுப்பார்கள், அதனால்தான் போடவில்லை என்றேன்.  சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார், தறி நம்பர் குறிக்கிற பேனா. குனிந்து மூன்றிலும் கடைசிப் பக்கத்தின் அடியில் எழுதினார். எழுதிவிட்டு வெளியே போய்விட்டார். ஊசி போட வருவாரா என்று நான் கேட்கவில்லை. கேட்க வேண்டும்.

கீழே இருக்கிற நம்பர் அவருடையது, அக்கா. நீங்கள் கூப்பிட்டால் அவர்தான் எடுப்பார். பஸ்ஸில் வந்த அக்கா என்று மட்டும் சொல்லுங்கள், போதும். அந்தப் பத்து எண்ணும் என் கையெழுத்து இல்லை. ஏழைக் கொஞ்சம் கோணலாகப் போடுவார், ஒன்று என்று நினைத்துவிடாதீர்கள்.

உமாசங்கரி